வெளிச்சத்தின் விலை

வெயிலில் படம் எடுப்பவனுக்குத் தர்ம சங்கடம் ஒன்றும் கிடையாது. சூரியன் யாரிடமும் கணக்குக் கேட்பதில்லை. வேண்டிய மட்டும் அள்ளிக்கொண்டு போகலாம். வெளிச்சம் குறைவான இடத்தில் காமிராவைத் தூக்கும்போதுதான் நியாயம், அநியாயம் என்ற பேச்சே எழுகிறது. இதை நான் ஒரு விளையாட்டு மண்டபத்தில் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதாக இல்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

எழுதுவது என் தொழில். படம் பிடிப்பது என் பைத்தியம். ஊர் ஊராகச் சுற்றும்போது பையில் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு காமிராவும் கிடக்கும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, தெற்கே ஒரு சிறு நகரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இறகுப்பந்துப் போட்டி வைத்தார்கள். நடத்தும் குழுவில் என் நண்பர் ஒருவர் இருந்தார். "மலர் ஒன்று போடுகிறோம், நாலு படம் எடுத்துக் கொடுங்களேன்" என்றார். சரியென்று போனேன்.

மண்டபத்துக்குள் காலை வைத்ததும் எனக்கு உற்சாகம் வடிந்துவிட்டது. வெளியே பங்குனி மாத வெயில் கொளுத்துகிறது. உள்ளே விளக்கு வைக்கும் நேரம் போல அரையிருள். ஜன்னல்கள் அனைத்தையும் அடைத்திருந்தார்கள். சுவர்களுக்குக் கரும்பச்சை வர்ணம். ஆடுகளத்தின் இரண்டு பக்கமும் உயரத்தில் சில குழல் விளக்குகள். அவற்றிலும் ஒன்றிரண்டு கண் சிமிட்டிக்கொண்டிருந்தன.

"குழந்தைகளை இருட்டறையில் விட்டு ஆடச் சொல்கிறீர்களே, இது என்ன நியாயம்?" என்று நண்பரைக் கேட்டேன்.

அவர் சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். ஷட்டில் என்பது பதினாறு இறகுகள் செருகிய ஒரு தக்கை. எடை ஐந்து கிராம், ஐந்தரைக்குள். இலேசான காற்றடித்தாலும் திசை மாறிவிடும். ஆகவே ஜன்னலைத் திறக்க முடியாது, மின்விசிறியையும் நிறுத்தவேண்டும். இந்த ஆட்டத்தில் அடிக்கடி அண்ணாந்து பார்க்கவேண்டியிருப்பதால், தலைக்கு நேர் மேலே விளக்குப் போட்டால் கண் கூசும். அதனால் விளக்குகளைப் பக்கவாட்டில் ஒதுக்கி வைப்பார்கள். வெள்ளை இறகு கண்ணுக்குத் தெரிய, பின்னால் கறுத்த சுவர் வேண்டும். அதனால் பச்சை வர்ணம்.

அதைக் கேட்ட பிறகு மண்டபத்தை மறுபடி ஒரு முறை பார்த்தேன். அந்த இருட்டில் பாதி ஏழ்மை. மறு பாதி ஆடுகிறவர்களின் கண்ணுக்குக் கொடுத்த மரியாதை. அதில் ஏழ்மையை மட்டுமே நான் முதலில் கண்டிருந்தேன்.

ஏழ்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1980-ஆம் ஆண்டு ஆல் இங்கிலாந்துப் பட்டத்தை வென்ற பிரகாஷ் படுகோன், பெங்களூரில் கனரா யூனியனின் கல்யாண மண்டபத்தில் ஆடிப் பழகியவர். முகூர்த்த நாட்களில் பந்தி நடக்கும். மற்ற நாட்களில் பந்து நடக்கும். நம் நாட்டின் உள்ளரங்க ஆட்டங்கள் பலவும் வேறொரு காரியத்துக்காகக் கட்டிய கூரையின் கீழ் வளர்ந்தவை. அங்கே விளக்குப் போட்டவர் மாப்பிள்ளையின் முகத்தை நினைத்துப் போட்டாரே தவிர, ஷட்டிலை நினைத்துப் போடவில்லை. புகைப்படக்காரனை நினைத்தா போட்டிருக்கப் போகிறார்?

அப்படிப்பட்ட இடத்தில் படம் எடுக்க மூன்று வழிகள் உண்டு. காமிரா பழகாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன்.

முதல் வழி, ஷட்டரைச் சற்று அதிக நேரம் திறந்து வைப்பது. வெயிலில் விநாடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு போதுமென்றால், இங்கே அறுபதில் ஒரு பங்கு திறந்து வைக்கலாம். வெளிச்சம் எட்டு மடங்கு சேரும். ஆனால் அதற்குள் ஆடுகிற பெண்ணின் கை வேறெங்கோ போய்விடும். படத்தில் கை இருக்கும் இடத்தில் ஒரு புகைதான் மிஞ்சும். ஷட்டிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2023-ல் ஜப்பானில் சாத்விக்சாய்ராஜ் அடித்த ஓர் அடியின் வேகம் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று உலக சாதனையாகப் பதிவாகியிருக்கிறது. மட்டையை விட்டுக் கிளம்பும் அந்த வேகத்தில், ஐந்நூற்றில் ஒரு விநாடிக்குள்ளேயே ஷட்டில் ஓர் அடிக்கு மேல் பறந்துவிடும். இறகு காற்றைப் பிடிப்பதால் பிறகு வேகம் மளமளவென்று குறைகிறது என்பது வேறு விஷயம்.

இரண்டாவது வழி, லென்ஸின் வாயை அகலத் திறப்பது. எண் நாலிலிருந்து இரண்டுக்கு வந்தால் வெளிச்சம் நாலு மடங்கு. ஆனால் தெளிவாகத் தெரியும் தூரம் சுருங்கிப் போகும். முகம் தெளிந்தால் மட்டை மங்கும். மட்டை தெளிந்தால் முகம் மங்கும். குறி ஒரு சாண் தவறினால் இரண்டுமே மங்கும்.

மூன்றாவது வழி, பிலிமின் உணர்ச்சியைக் கூட்டுவது. பிலிம் காலத்தில் 400 என்று குறித்த சுருளை 1600 என்று வைத்துக்கொண்டு எடுத்து, கழுவும்போது நேரத்தைக் கூட்டிக் கரையேற்றுவார்கள். இன்றைய காமிராவில் ஒரு சக்கரத்தைத் திருப்பினால் 6400-க்குப் போய்விடலாம். ஆனால் படம் முழுவதும் மணல் தூவினாற்போல் ஆகிவிடும். நிழலில் இருப்பவை நிழலோடு போய்விடும்.

இந்த மூன்றிலும் விலை உண்டு. ஒன்றில் கணத்தை இழக்கிறோம், ஒன்றில் தூரத்தை இழக்கிறோம், ஒன்றில் அழகை இழக்கிறோம். ஆனால் கவனியுங்கள்: மூன்று விலையையும் கொடுப்பவன் படம் எடுப்பவன்தான். ஆடுகிறவளுக்குச் சல்லிக் காசு செலவில்லை. தன்னை ஒருவன் படம் எடுக்கிறான் என்பதுகூட அவளுக்குத் தெரியவேண்டியதில்லை.

நாலாவது வழி ஒன்று இருக்கிறது. அதுதான் பிளாஷ். பொத்தானை அழுத்தினால் மின்னல் அடிக்கும். கை உறையும், முகம் தெளியும், மணலும் இராது. படம் எடுப்பவனுக்கு எந்த நஷ்டமும் இல்லை. நஷ்டமே இல்லாத வியாபாரம் உலகத்தில் உண்டா? அந்த விலையை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அன்று எனக்கு இது தோன்றவில்லை. காலை முழுவதும் முறையாகத்தான் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் புகையும் மணலுமாக வந்தன. பார்வையாளர் வரிசையிலிருந்து இரண்டொரு பேர் பிளாஷ் போட்டார்கள். அந்தத் தூரத்துக்கு அது எட்டாது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் பிடரிகள்தான் பிரகாசமாக விழுந்திருக்கும். நான் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். மலருக்கு நல்ல படம் கொடுக்கவேண்டும் என்ற கவலை எனக்கு. குழுவின் விருந்தாளி என்பதால் களத்தின் ஓரத்திலேயே நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். பிளாஷ் எட்டுகிற தூரத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

மாலையில் பெண்கள் இறுதியாட்டம். ஒருத்தி பதினைந்து வயதுச் சிறுமி, ஊர்க்காரப் பெண். தையல் கடைக்காரர் மகள் என்று நண்பர் சொன்னார். மூன்றாவது சுற்று, எதிராளிக்கு 20, இவளுக்கு 19. எதிராளி ஷட்டிலை உயரமாகத் தூக்கிவிட்டாள். இந்தப் பெண் பின்னால் நாலடி ஓடி, அண்ணாந்து, மட்டையை ஓங்கினாள். நான் பிளாஷைப் போட்டு அழுத்தினேன். அவள் எழும்பினாள்; மறுபடி அழுத்தினேன். இரண்டுக்கும் நடுவே அரை விநாடிகூட இராது. ஷட்டில் மட்டையின் விளிம்பில் பட்டு வலையில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது.

அவள் மட்டையைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் ஒரு முறை திரும்பினாள். குற்றம் சாட்டும் பார்வை என்றால் எனக்கு அன்றே உறைத்திருக்கும். என்ன நடந்தது என்று விளங்காத பார்வை அது. எதிர்பாராத இடையூறு வந்தால் அந்தப் புள்ளியைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடி ஆடச் சொல்வதற்கு ஆட்ட விதியில் இடம் இருக்கிறது, 'லெட்' என்பார்கள். நடுவராக உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையனுக்கு அது நினைவு வரவில்லை. அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை. எனக்கோ காமிராவின் முதுகைத் திருப்பிப் பார்ப்பதில் அவசரம். இரண்டாவது படம் அற்புதமாக விழுந்திருந்தது. காற்றில் நிற்கும் கால்கள், வளைந்த முதுகு, மட்டைக்கு நாலு விரற்கடை தள்ளி வெள்ளை இறகு. அந்த நேரத்தில் என் மனத்தில் இருந்தது மகிழ்ச்சிதான். அதை மறைத்து என்ன பயன்?

மலரில் அந்தப் படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து வேறு வேலையாக அந்த ஊருக்குப் போயிருந்தேன். கடைத்தெருவில் ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் தகப்பனார். கடைக்குள் அழைத்துப்போய் உட்காரவைத்தார். தையல் இயந்திரத்துக்கு மேலே சுவரில் மலரிலிருந்து வெட்டிய என் படத்தை ஒட்டியிருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

"ரொம்ப நல்லா எடுத்திருக்கீங்க சார். ஆனா பாருங்க, கடைசி நேரத்துல பயந்து கண்ணை மூடிட்டா" என்றார்.

நான் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தேன். ஆமாம், கண்கள் இறுக மூடியிருந்தன. கால்களையும் இறகையும் ரசித்த நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"அவளும் முதல்ல, கண்ணு கூசிச்சுப்பான்னுதான் சொன்னா. படத்தைப் பார்த்ததுக்கப்புறம் அவளே, பயந்துட்டேன் போலிருக்குன்னு ஒத்துக்கிட்டா. இந்த மனசை வச்சுக்கிட்டு போட்டிக்கெல்லாம் போவானேன்? பத்தாம் வகுப்பும் வந்துட்டுது. போதும்னு நிறுத்திட்டேன்."

டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். ஒரு வார்த்தை பேசாமல் ஊருக்குத் திரும்பிவிட்டேன்.

காமிரா பொய் சொல்லாது என்பார்கள். அது எவ்வளவு அரைகுறையான பேச்சு! அந்த மண்டபத்துக் குழல் விளக்குகளையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் மின்சாரம் விநாடிக்கு ஐம்பது சுற்றுச் சுற்றுகிறது. பழைய குழல் விளக்கின் ஒளி விநாடிக்கு நூறு தடவை ஏறி இறங்குகிறது. கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் வேகமான ஷட்டரில் அடுத்தடுத்து எடுத்தால், ஒரு படத்தில் சுவர் வெளுத்திருக்கும்; அடுத்ததில் கறுத்துப் பழுப்பேறியிருக்கும். இரண்டும் அதே சுவர்தான், இரண்டும் மெய்தான். ஆனால் ஒன்றை மட்டும் காட்டி, சுவரின் நிறம் இதுதான் என்று சாதித்தால் அது பொய்.

ஊருக்கு வந்து பழைய பெட்டியைக் கிளறினேன். முதல் படம் இருந்தது. அழகில்லை என்று நான் தள்ளிவைத்தது. ஷட்டில் சட்டத்துக்கு வெளியே போயிருந்தது. மட்டையின் நுனி வெட்டுப்பட்டிருந்தது. அதில் அந்தப் பெண்ணின் கண்கள் அகலத் திறந்திருந்தன. மேலே எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பயத்தின் சாயல்கூட இல்லை. என் முதல் மின்னல் அந்தக் கண்களைக் கூசவைத்தது. இரண்டாவது மின்னல் கூசிய கண்களைப் படம் பிடித்தது. குற்றத்தைச் செய்தவனே சாட்சியும் சொல்லியிருக்கிறான். சாட்சி மிகவும் தெளிவாக இருந்ததால், பாதிக்கப்பட்டவளே தன் ஞாபகத்தை விட்டுவிட்டு அதை நம்பிவிட்டாள்.

அப்படியானால் மின்னல் விளக்கே பாவமா என்று கேட்கலாம். அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. உலகத்தின் மிகச் சிறந்த விளையாட்டுப் படங்களில் ஒன்று அதன் உதவியால் பிறந்தது. 1965, மே 25. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து லூயிஸ்டன் என்ற சிற்றூர். பாஸ்டனில் நடக்கவேண்டிய முகம்மது அலி–சன்னி லிஸ்டன் குத்துச்சண்டை அங்கே இருந்த ஒரு பனிச்சறுக்கு ஹாக்கி அரங்குக்கு மாறியது. பார்க்க வந்தவர்கள் 2,434 பேர்தான். முதல் சுற்றிலேயே லிஸ்டன் விழுந்தார். விழுந்தவரின் மேல் குனிந்து, கையை மடக்கிக்கொண்டு அலி கத்துகிற அந்தப் படத்தை எடுத்த நீல் லெய்ஃபருக்கு அப்போது வயது 22. இன்னொரு புகைப்படக்காரர் எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்தார். லெய்ஃபரின் படத்தில் அலியின் கால்களுக்கிடையே அவர் தெரிகிறார். அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு.

லெய்ஃபருக்கு வெளிச்சம் தந்தவை மேடைக்கு மேலே, உயரத்தில், போட்டிக்கு முன்பே கட்டிவைத்த மின்னல் விளக்குகள். அவை இரு வீரருக்கும் பொது. ஒருவனுடைய கண்ணுக்கு நேரே, அவன் கை ஓங்கிய நேரம் பார்த்துப் பாய்ச்சியவை அல்ல. அவற்றிலும் ஒரு விலை இருந்தது. ஒரு தடவை மின்னினால் மறுபடி மின்சாரம் ஏறச் சில விநாடி ஆகும். ஆகவே அவர் காத்திருந்து, இந்தக் கணம்தான் என்று முடிவு செய்து, ஒரே ஒரு படம் எடுக்கவேண்டும். தவறினால் நஷ்டம் அவருடையது.

அந்தப் படத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. வெளிச்சம் மூலை முடுக்கெல்லாம் நிறைந்த படம் அது. ஆனால் லிஸ்டனை வீழ்த்திய குத்து அதில் இல்லை. அது முன்பே நடந்து முடிந்துவிட்டது. அந்தக் குத்து மெய்யான குத்துதானா என்ற சர்ச்சை அறுபது ஆண்டு ஆகியும் ஓயவில்லை. வெற்றி முழக்கம் என்று நாம் நினைத்துப் பார்க்கும் அந்த முகம், "எழுந்து சண்டை போடு" என்று கோபத்தில் கத்திய முகம். எவ்வளவு வெளிச்சம் போட்டாலும் ஒரு கணத்துக்கு முன்னாலும் பின்னாலும் இருப்பதை அது காட்டுவதில்லை.

ஆகவே எனக்கு இரண்டு கேள்விகள் மிஞ்சின. நான் பார்ப்பதற்கு வேண்டிய வெளிச்சத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்? நான் பார்த்ததில், என் வெளிச்சம் உண்டாக்கியது எவ்வளவு?

இவை காமிராக்காரர்களுக்கு மட்டும் உரிய கேள்விகள் என்று எனக்குத் தோன்றவில்லை. சாவு வீட்டு வாசலில் ஒரு தாயின் முகத்துக்கு நேரே ஒலிவாங்கியை நீட்டி, அவள் வெடித்து அழுததும் அதையே செய்தியாக்குகிறார்கள். வெள்ளத்தில் வீடிழந்தவனுக்கு ஐந்து கிலோ அரிசியைக் கொடுத்துவிட்டு, பையை இன்னும் சற்று உயர்த்திப் பிடிக்கச் சொல்கிறார்கள். அவன் தலை குனிந்தால், நன்றியில் குனிந்தான் என்று கீழே எழுதுகிறார்கள். ஊரைச் சொல்வானேன்? நானும் கதாசிரியன்தானே! என்னை நம்பி வீட்டுக்குள் விட்டவர்களை, அவர்கள் அசந்த நேரம் பார்த்து, எத்தனை பக்கங்களில் பளிச்சென்று நிறுத்தியிருக்கிறேன்! 'தத்ரூபம்' என்று பாராட்டிக் கடிதங்கள் வந்தன. அவர்களிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை.

பொதுநன்மை என்று ஒன்று இருக்கிறதே, உண்மை வெளிவர யாராவது கொஞ்சம் கண் கூசித்தானே ஆகவேண்டும் என்று ஒரு நண்பர் வாதாடினார். லஞ்சம் வாங்குகிறவன் கண் கூசட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. அவன் இருட்டைத் தேடிப் போனவன். அந்தச் சிறுமி இருட்டை ஒளிவதற்காகத் தேடவில்லை. பறக்கிற ஓர் இறகைப் பார்ப்பதற்காக அந்த இருட்டு அவளுக்கு வேண்டியிருந்தது. இருவரையும் ஒரே மின்னலால் அடிப்பது நியாயமாகாது.

ஒரு மாதம் யோசித்துவிட்டு, இரண்டு படங்களையும் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். தையற்கடையில் தகப்பனாரும் மகளும் இருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்கா எட்டு மாதம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. துணியை மடித்து வைத்தார். பிறகு, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை; இன்றும் இல்லை.

அந்தப் பெண் முதல் படத்தை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "இதில ஷட்டிலே இல்லையே சார்" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஆனா நான் பார்த்துக்கிட்டுதான் இருந்திருக்கேன்" என்றாள். அவள் தகப்பனார் சுவரிலிருந்த பழைய படத்தைக் கிழித்தார். சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்து வந்தது.

அவள் மறுபடி ஆடப் போனாள், கோப்பை வாங்கினாள் என்று முடிக்க எனக்கு ஆசைதான். கதையாக இருந்தால் அப்படித்தான் முடித்திருப்பேன். அவள் போகவில்லை. அதற்குள் பரீட்சை நெருங்கிவிட்டது. கையும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. சொன்னதால் திரும்பி வந்தது அவள் ஆட்டமன்று. தன்னைப் பற்றி அவள் வைத்திருந்த நினைவு. அதுவாவது அவளுடையது அவளிடம் சேர்ந்தது.

இப்போதும் அப்படிப்பட்ட மண்டபங்களுக்குப் போகிறேன். பிளாஷை வீட்டில் வைத்துவிடுகிறேன். ஓர் ஓரமாக உட்கார்ந்து, ஒரு மணி நேரம் காமிராவைத் தொடாமல் ஆட்டத்தைப் பார்க்கிறேன். யார் எப்போது எழும்புவார்கள், எந்த உச்சியில் ஒரு நொடி நிற்பார்கள் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடுகிறது. மேலே போன உடம்பு கீழே இறங்குமுன் ஒரு கணம் அசைவற்று நிற்கிறது. அந்தக் கணத்தில் மெதுவான ஷட்டருக்குக்கூட முகம் கிடைத்துவிடும். நூறு எடுத்தால் நாலு தேறுகிறது. அந்த நாலும் மணல் தூவினாற்போல்தான் இருக்கின்றன. மலர் போடுகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் அவற்றில் எல்லார் கண்ணும் திறந்திருக்கிறது.